தொழிற் பயிலுநர் நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாதல்



இம்மேடையிற் பேச அழைக்கப்படுவோர் சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நாமும் அவ்வழியே செல்வோமென்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் பூசை முடிந்து பிரசாதமுங் கையுமாக நீங்கள் அமர்ந்திருக்கும் இவ்வேளையில், அரத்தையும் ஆணியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் பற்றிப் பேச எமக்கு அனுமதி தரவேண்டும். காரணம் இதுதான். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகிய பின்னரும், உயர்தரப் பெறுபேறு வெளியாகிய பின்னரும், நமது ஊரிலே இருவகைக் கடிதங்கள் வருகின்றன. ஒன்று பல்கலைக்கழக அனுமதிக் கடிதம். அது வந்த வீட்டுச் செய்தி அன்று மாலைக்குள் கோயில் வீதி வரைக்கும் எட்டிவிடும். மற்றையது, தொழிற் பயிலுநராகச் சேர்வதற்கான நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைக்கும் கடிதம். அது வந்த வீட்டிலே கடிதம் அலுமாரிக்குள் வைக்கப்படுகின்றது. பிள்ளை ஒருவரிடமும் கேளாமல், ஒன்றும் ஆயத்தஞ் செய்யாமல், குறித்த தினத்தில் தனியே பஸ் ஏறுகின்றான். திரும்பி வந்து, "அங்கே என்னென்னவோ கேட்டார்கள்" என்கின்றான். இரண்டாவது கடிதத்தைப் பற்றியே இன்று பேசப் போகின்றோம்.

முதலில், இத்துறை நம் நாட்டில் எவ்வாறு அமைந்திருக்கின்றது என்பதைச் சற்று நோக்குவோம். பலர் இதனைப் பரீட்சையிற் சித்தியடையாதோருக்கென அண்மையில் யாரோ திறந்துவைத்த பின்கதவு என்று கருதுகின்றனர். அப்படியன்று. பயிலுநர் முறைக்கென 1971ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அம்முறையைக் கவனிக்கும் பொறுப்பு இன்றுள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபைக்கு வந்தது. 'நைற்றா' என்று நாம் சுருக்கமாகச் சொல்வது அதனையே. தொழிற்பயிற்சி அதிகாரசபை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உண்டாயிற்று. இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்தின் வரலாறு 1959ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. மொறட்டுவையிலுள்ள அந்நிறுவகத்திற் பயின்றோர் எங்கே சென்றாலும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவர். அதைப் போல ஒன்று நமக்கும் கிடையாதா என்று வடக்கிலுள்ளோர் நெடுங்காலம் ஏங்கியதுண்டு. 2016ஆம் ஆண்டிலே கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது.

இவற்றிற் பெறும் சான்றிதழ்கள் தேசிய தொழிற்றகைமை என்னும் ஒரே ஏணியிலே படிகளாக அமைக்கப்பட்டுள்ளன. மொத்தம் 7 படிகள். முதற் படி தொழிலுக்குட் புகுவோனுடையது. நான்காம் படி, மேற்பார்வை இன்றித் தனித்து வேலை செய்யவல்ல முழுத் தொழிலாளியினுடையது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் படி பட்டத்துக்குச் சமம். ஆகவே ஒட்டுத் தொழில் பழகச் சென்ற பிள்ளை கல்வியை விட்டு வெளியேறிவிட்டான் என்று சொல்வது பிழை. அவன் வேறொரு படிக்கட்டிலே கால் வைத்திருக்கின்றான். அதன் உச்சியும் பட்டமே. பெரியோர்களுக்கு இன்னொரு விடயத்தையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கின்றோம். இருபது முப்பது வருடங்களாக மேசன் வேலையோ மோட்டார் வேலையோ செய்து, கையிலே ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இருப்போர் இவ்வூரிற் பலர் உளர். வகுப்பிற் போய் இருக்காமலே, ஏற்கெனவே கற்றதைப் பரீட்சித்து அவர்களுக்கும் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். உங்கள் வீட்டுக் கிணற்றைக் கட்டிய கைக்கு அது பொருந்தும். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இனி, கடிதத்தை அலுமாரிக்குள் ஒளிக்கும் அந்த வெட்கத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. நாம் சைவர். நாம் வணங்கும் அறுபத்து மூவருள்ளே திருநீலகண்ட நாயனார் மட்பாண்டம் வனைந்தவர். திருக்குறிப்புத் தொண்டர் ஆடை வெளுத்தவர். நேச நாயனார் நெசவு செய்தவர். கலிய நாயனார் செக்காட்டி எண்ணெய் விற்றவர். அவர்களுடைய குருபூசைக்குப் பொங்கலிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "எங்கள் பரம்பரையில் ஒருவரும் கைவேலை செய்ததில்லை" என்று கூறுவது எவ்வளவு பொருத்தமென்பதைப் பெரியோர்களே சிந்திக்க வேண்டும். நாம் கற்றது ஒரு மிசன் பாடசாலையில். தச்சன் மகன் என்று அழைக்கப்பட்டவரைப் பற்றி அங்கே காலைதோறும் கேட்டோம். அந்தப் பாடசாலையிலுங்கூட மரவேலைப் பாடத்தைத் தெரிந்தெடுத்தவன் கணக்கு வராதவன் என்றே கருதப்பட்டான். ஆதலின் இந்நோய் ஒரு சமயத்தாருக்கு மாத்திரம் உரியதன்று.

சுவாமி விபுலாநந்தரை யாழ்நூலாசிரியராக நாம் அறிவோம். ஆனால் 1892ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பிலே மிசன் பாடசாலைகளிற் கற்ற அவர், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1916ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றோம்? மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் அவர் சித்தியடைந்ததும் அதே ஆண்டில்தான். நரம்பின் நீளத்தையும் சுரத்தின் அளவையும் கணக்கிட்டுப் பழைய யாழுக்கு உருவங் காட்ட முயன்ற அந்த நூலிலே தமிழ்ப் புலமையோடு அளவெடுத்துப் பழகிய விஞ்ஞான அறிவும் வேலை செய்திருக்கின்றது என்றே நாம் எண்ணுகின்றோம். இவ்வளவும் போதும். விடயத்துக்கு வருவோம்.

நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அப்பால் இருப்பவர் எதைத் தேடுகின்றார்? தொழில் முழுவதும் அறிந்த ஒருவனை அவர் தேடவில்லை. அறிந்தவனாயின் அவன் ஏன் பயிலுநராக வரவேண்டும்? அவர் அறிய விரும்புவது நான்கைந்து காரியங்கள்தாம். இப்பிள்ளை காலையிலே நேரத்துக்கு வருவானா? மூன்றாம் மாதத்தில் விட்டு ஓடிவிடுவானா? சொன்னதைக் கேட்பானா? தன் கையையும் பக்கத்தில் நிற்பவன் கையையும் பாதுகாப்பானா? சிறிய கணக்கொன்றைப் பிழையின்றிச் செய்வானா? கேள்விகள் எந்த உருவில் வந்தாலும் அவற்றின் அடியிலே இவை கிடக்கும். ஒரு பிள்ளையைத் தொழிற்சாலைக்குள் எடுத்துப் பழக்குவதற்கு, அங்குள்ள தேர்ந்த தொழிலாளி ஒருவர் தமது வேலை நேரத்திற் பெரும் பங்கைச் செலவிட வேண்டியிருக்கின்றது. அப்பிள்ளை இடையிலே போய்விட்டால் அவ்வளவும் வீண். ஆதலினால்தான் அவர்கள் துருவித் துருவிக் கேட்கின்றார்கள். அதைப் பகையாக எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

ஆயத்தத்தின் முதற்பகுதி வீட்டிலிருந்து செய்வதன்று. நீங்கள் விண்ணப்பித்த தொழில் எதுவோ அத்தொழில் நடைபெறும் இடத்துக்கு ஒரு கிழமையாவது போய் நின்று பாருங்கள். ஊரிலுள்ள கறாச்சிலோ மரவேலைப் பட்டறையிலோ, "அண்ணை, ஒரு கிழமைக்கு வந்து நின்று பார்க்கலாமா? கூட்டித் துடைத்துத் தருகிறேன்" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. அங்கே கண்டவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆயுதங்களின் பெயரை மூன்று விதமாக எழுதுங்கள்: பட்டறையில் வழங்கும் பெயர், பாடப்புத்தகத்துத் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர். பட்டறையில் ஸ்பானர் என்பார்கள், பாடநூலிலே வேறொன்று இருக்கும். பரீட்சகர் எதைச் சொல்லிக் கேட்பார் என்று முன்கூட்டிக் கூற முடியாது. அந்த ஒரு கிழமையில் வேறொன்றும் தெரியவரும். நாள் முழுவதும் நிற்க உங்கள் காலால் இயலுமா, எண்ணெய் மணம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது. ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்னரே தெரிந்துகொள்வது எல்லோர்க்கும் நல்லது.

இயந்திரத் தொழிலுக்குப் போகும் நமது ஊர்ப் பிள்ளைக்கு வேறெவர்க்கும் இல்லாத ஓர் அநுகூலம் உண்டு. அது தோட்டத்துக் கிணற்றடி. நீரிறைக்கும் இயந்திரம் இல்லாத தோட்டம் இங்கே அரிது. பரீட்சகர், "இயந்திரம் ஓடுகின்றது, தண்ணீர் வரவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்?" என்று கேட்டால், "பாஸைக் கூப்பிடுவேன்" என்று சொல்வதா? சற்று யோசித்துப் பாருங்கள். இயந்திரம் தண்ணீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், உண்மையிலே தண்ணீரை மேலே தள்ளுவது வெளியிலுள்ள காற்றின் அமுக்கமே. இயந்திரம் குழாய்க்குள்ளே அமுக்கத்தைக் குறைக்க, கிணற்று நீரின்மேல் அழுத்தும் வளிமண்டலம் நீரைக் குழாய்க்குள் ஏற்றுகின்றது. ஆகவே குழாயில் எங்கேனும் ஊசித்துளை இருந்தாலும், மூட்டுக் கவ்வி தளர்ந்திருந்தாலும், காற்று உட்புகுந்து வேலை கெட்டுப்போம். அடியிலுள்ள வால்வு தேய்ந்தோ, சருகு சிக்கித் திறந்தபடியோ இருந்தால், நிறுத்திய நேரத்திற் குழாயிலிருந்த நீரெல்லாம் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அடுத்த நாட் காலையில் வெறுங் காற்றையே இயந்திரம் சுற்றும். அதனாற்றான் அப்பா ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து வாய்க்குள் வார்த்துவிட்டுப் பின்னர் இயந்திரத்தை ஓடவிடுகின்றார். அவர் காரணங் கூறாமற் செய்வதை நீங்கள் காரணத்தோடு கூற வேண்டும்.

இன்னும் ஒன்று. வளிமண்டலம் நீரை ஏற்றக்கூடிய உயரத்துக்கு எல்லை உண்டு. கணக்கின்படி ஏறக்குறைய 10 மீற்றர், அதாவது 34 அடி. நடைமுறையிலே 7 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. ஆடி ஆவணியில் கிணற்று நீர் கீழே இறங்கியதும், வைகாசியில் நன்றாக இறைத்த அதே இயந்திரம் திணறுவது இதனாலேயே. இயந்திரம் பழுதென்று எண்ணிக் கழற்றுவோர் பலர். அதைக் கழற்றாமல், கிணற்றுக்குள்ளே ஒரு படி கட்டி இயந்திரத்தைக் கீழே இறக்கி வைத்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் பௌதிகவியல் படித்தவர்களல்லர். இப்படி ஒரு விடயத்தை அடிமுதல் நுனிவரை விளங்கிச் சொல்லக்கூடிய பிள்ளையை எந்தப் பரீட்சகரும் எளிதில் விடமாட்டார். ஆகையால் நூறு கேள்விக்கு நூறு விடை பாடமாக்குவதை விட்டு, உங்கள் வீட்டிலுள்ள ஏதாவதோர் இயந்திரத்தை, சைக்கிளையேனும், முழுதாக விளங்கிக்கொள்ளுங்கள்.

அளவை பற்றிய கேள்வி எத்தொழிலிலும் வரும். நமது தச்சர்கள் அங்குலத்திற் பேசுவர். தொழிற்சாலை மில்லிமீற்றரிற் பேசும். 1 அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அரைக்கால் அங்குலம் 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. இது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வேணியர் இடுக்கியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் பாடசாலை விஞ்ஞானகூடத்திற் பார்த்திருப்பீர்கள். பார்த்தது போதாது. கையிலெடுத்து வாசித்துப் பழகுங்கள். 49 மில்லிமீற்றரை 50 பிரிவாகப் பிரித்த வேணியரின் இழிவெண்ணிக்கை 0.02 மில்லிமீற்றர் என்பது புத்தகத்திலிருந்து வரலாம். ஓர் இரும்புக் கம்பியைக் கையில் தந்து "இதன் விட்டம் எவ்வளவு?" என்று கேட்டால் புத்தகம் உதவாது. கட்டடத் தொழிலுக்குப் போவோரிடம் மூலைமட்டம் பார்ப்பது எப்படியென்று கேட்கலாம். கயிற்றில் 3 அடி, 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வந்தால் மூலை நேர் என்று நம் மேசன்மார் பார்ப்பதும், பைதகரசின் தேற்றமென்று நீங்கள் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் எழுதியதும் ஒன்றே. கணிதத்தில் 'எஸ்' சித்தி மாத்திரம் பெற்றவன் இதை அழகாக விளக்கினால் அந்த 'எஸ்' மறந்துபோகும். 10 அடிக்கு 12 அடி அறைக்கு 1 அடிச் சதுரத் தரையோடு எத்தனை வேண்டும்? 120 என்பது கணக்கு மாணவன் விடை. "120, வெட்டுக்கும் உடைவுக்குமாக மேலும் சில எடுப்பேன்" என்பது தொழிலாளியின் விடை.

மின்சாரத் தொழிலுக்கு விண்ணப்பித்தோர் நம்முடைய வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஏற்சு என்பதையும், 1000 வாற்று மின்னழுத்தி ஏறத்தாழ 4.3 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும் என்பதையும் சொல்லக்கூடியவராயிருத்தல் வேண்டும். வாற்றை வோல்ற்றினாற் பிரித்தால் வந்துவிடும். கம்பிகளின் நிறத்தில் அவதானம் வேண்டும். பழைய வீடுகளில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற் கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை. புதிய முறையில் உயிர்க்கம்பி கபிலம், நொதுமல் நீலம், புவிக்கம்பி பச்சையும் மஞ்சளும் கலந்தது. பழையதும் புதியதும் ஒரே வீட்டிற் கலந்து கிடப்பதும் உண்டு. "நிறத்தைப் பார்த்து நம்பமாட்டேன், சோதித்துப் பார்ப்பேன்" என்று முடித்தால் விடை நிறைவாகும். ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர் என்ற கேள்விக்கு, "ஓடிப்போய்ப் பிடித்து இழுப்பேன்" என்று வீரம் பேசுகின்றவன் அங்கேயே தோற்றான். முதலில் ஆளியை நிறுத்த வேண்டும். இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டிய விடயமொன்றை நாம் சற்றுத் தயக்கத்தோடு சொல்கின்றோம். சுழலும் இயந்திரங்களில் வேலை செய்வோர் மோதிரம், கைச்சங்கிலி, தொங்கும் சட்டைக்கை, நீண்ட பின்னல் ஆகியவற்றோடு நிற்கக்கூடாது. நூலொன்று சுழற்சியிற் சிக்கினால் நூல் மாத்திரம் போகாது, விரலும் போகும். நமது பிள்ளைகளிற் பலர் மணிக்கட்டில் கோயிற் காப்புநூல் கட்டியிருக்கின்றனர். கேதாரகௌரி விரதத்துக்குக் கட்டிய காப்பை ஆண்டு முழுவதும் கழற்றாதோரும் உளர். பரீட்சகர் அதைச் சுட்டிக்காட்டி, "கடைசல் இயந்திரத்தடியில் இதை என்ன செய்வீர்?" என்று கேட்டால் விடை என்ன? அவர் நமது சமயத்தை இகழ்கின்றார் என்று சினக்கும் பெற்றோரும் இருக்கலாம். நம் கருத்தில் அக்கேள்வி முற்றும் நியாயமானது. அதற்கு விடையை அங்கே போய்த் தேடாமல், இங்கே வைத்தே தாயோடும் கோயிற் குருக்களோடும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சட்டைக்கைக்குள் மறையும்படி மேற்கையில் இறுகக் கட்டிக்கொள்ளலாமா, வேலை நேரத்திற் கழற்றிச் சுவாமிப் படத்தடியில் வைக்கலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். தீர்த்துக்கொண்டு போகின்ற பிள்ளை தடுமாறாமல் விடை சொல்வான். திருநீறு எந்த இயந்திரத்திலும் சிக்குவதில்லை. அதை அழித்துவிட்டுப் போகவேண்டியதும் இல்லை.

"ஏன் இத்தொழிலைத் தெரிந்தீர்?" என்ற கேள்வி தவறாமல் வரும். அதற்கு நமது பிள்ளைகள் கூறும் விடைகள் இரண்டே. ஒன்று, "வேறொன்றும் கிடைக்கவில்லை." மற்றையது, "நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகின்றேன்." முதலாவது மனத்தைத் தளர்த்தும். இரண்டாவதை யாரும் நம்பார். இரண்டுக்கும் நடுவே உண்மை ஒன்று இருக்கும். மாமாவின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியது, தேர்த்திருவிழாவுக்கு மின்விளக்குப் பூட்டியவர்களுக்குக் கம்பி பிடித்துக் கொடுத்தது, சமையலறைக்கு ஒரு தட்டுப் பலகை அடித்தது, இவற்றுள் ஏதோவொன்று உங்களை இழுத்திருக்கும். அதைச் சொல்லுங்கள். அச்செயலில் எது கைகூடியது, எது பிழைத்தது, பிழைத்ததை எவ்வாறு திருத்தினீர்கள் என்று சொன்னால் மேலும் நன்று. பரீட்சையிற் சித்தியெய்தாமையைப் பற்றிக் கேட்டால் ஆசிரியரையோ நோயையோ காரணங் காட்டாதீர்கள். இத்தனை பாடத்திற் சித்தி, இத்தனை பாடத்தில் இல்லை, மீண்டும் எழுதுகின்றேன் அல்லது எழுதவில்லை என்று ஒரே வாக்கியத்திற் சொல்லி நிறுத்துங்கள்.

இன்னொரு கேள்வி இக்காலத்துக்கே உரியது. "பழகி முடிந்ததும் வெளிநாடு போய்விடுவீரா?" 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் எத்தனையோ பேர் புறப்பட்டுச் சென்றதை மேசைக்கு அப்பாலுள்ளவரும் அறிவார். ஒருபோதும் போகேன் என்று சத்தியஞ் செய்தால் அவர் சிரிப்பார். பயிற்சியை முடிக்குமுன் போகமாட்டேன் என்பதே அவர் கேட்க விரும்பும் விடை. அது மனத்தில் இல்லாவிட்டாற் சொல்லாதீர்கள், அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளை காத்திருக்கின்றான். இங்கிருந்து முகவர்களுக்குப் பெருந்தொகை கொடுத்து, தொழிலொன்றும் கையில் இல்லாமற் போனவனையும், நான்காம் படிச் சான்றிதழோடு போனவனையும் பெரியோர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இருவரும் நமது தெருவிலேயே இருந்து போனவர்கள்.

பத்திரங்களைப் பற்றி விரைந்து சொல்லிவிடுகின்றோம். பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேற்றுத் தாள், கிராம அலுவலரின் சான்றிதழ், அழைப்புக் கடிதம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளும் நிழற்பிரதிகளும் வேண்டியிருக்கும். அழைப்புக் கடிதத்தில் இவற்றுட் கூடவோ குறையவோ கேட்டிருந்தால் அதன்படி செய்க. பிறப்பத்தாட்சியிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஓரெழுத்து மாறியிருப்பது நமது ஊரிலே சாதாரணம். அதை முதல் நாள் கண்டு பதறாமல், இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உடை துப்புரவாயிருந்தாற் போதும், புதிதாகத் தைக்க வேண்டியதில்லை. நகத்தை வெட்டுங்கள். காலில் சப்பாத்து இருக்கட்டும். பட்டறையைச் சுற்றிக் காட்டும்போது செருப்போடு வந்தவனை வாசலிலே நிறுத்திவிடுவதுண்டு.

மொழியைப் பற்றிச் சிலர் அஞ்சுகின்றனர். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ தமிழிலே பேசலாம். கொழும்புப் பக்கம் போனால் சிங்களமோ ஆங்கிலமோ எதிர்ப்படும். தெரியாத மொழியிலே தடுமாறி அரைகுறையாகப் பேசுவதிலும், "இக்கேள்வியைத் தமிழிலோ மெதுவாக ஆங்கிலத்திலோ கேட்க முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்பது மேல். ஆயினும், ஆயுபோவன் என்று வணக்கம் சொல்லவும், பெயர், ஊர், படித்த வகுப்பு ஆகியவற்றைச் சிங்களத்திற் சொல்லவும் பத்து நாளிற் பழகிவிடலாம். அதைச் சொன்னவுடன் மேசைக்கு அப்பாலுள்ள முகம் மலர்வதைக் காண்பீர்கள். நாம் கற்ற மிசன் பாடசாலையில் எமக்கு வாய்த்த பெரும் நன்மை ஆங்கிலம் என்று பலர் எண்ணுகின்றனர். அதைவிடப் பெரிது, காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பழக்கியதே. அந்தப் பழக்கத்துக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. இம்மண்டபத்திலே தேவாரம் பண்ணோடு பாடும் பிள்ளைகளுக்குக் குரல் இருக்கின்றது. அக்குரல் ஏன் பரீட்சகர் முன் தொண்டைக்குள் ஒளிந்துகொள்கின்றது என்பதே எமக்கு விளங்காத விடயம்.

தங்கைமார் சிலர், இது எங்களுக்கன்று என்று எண்ணியிருப்பதை முகங்களிற் காண்கின்றோம். உங்களுக்குமே. தையலும் அழகுக் கலையும் மாத்திரந்தான் பெண்களுக்கு உரியன என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. மின்னணுக் கருவி திருத்தலுக்கும் கடைசலுக்கும் வேண்டியது கூர்ந்த கண்ணும் நிதானமான கையும். ஓர் ஊசியிலே பத்து நிற நூல் கோக்கின்ற கைக்கு அது எட்டாததன்று. போக்குவரத்தையும் வேலை நேரத்தையும் பற்றித் தாய்மார் கேட்பது நியாயம். அதை நேர்முகப் பரீட்சையின் முடிவிலே, "எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகின்றீரா?" என்று அவர்கள் கேட்கும்போது பிள்ளையே கேட்கலாம். பயிற்சிக் காலம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, எப்படியான காப்புறுதி உண்டு, முடிவில் எந்தப் படிச் சான்றிதழ் என்பவற்றையும் கேட்கலாம். ஒப்பந்தத்திற் பெற்றோர் ஒப்பமிட வேண்டியிருந்தால் வாசித்த பின்னரே ஒப்பமிடுக.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையோடு வாருங்கள், வெளியே இருங்கள். உள்ளே போய்ப் பிள்ளைக்காக விடை கூறாதீர்கள். "எங்கள் ஆளொருவரிடம் கடிதம் வாங்கித் தருகிறோம்" என்று பிள்ளையின் காதில் ஓதாதீர்கள். சிபாரிசுக் கடிதத்தால் இடம் கிடைக்குமென்று நம்பிய பிள்ளை ஆயத்தஞ் செய்வதில்லை. இடம் கிடைக்காவிட்டால் கடிதம் தந்தவரைக் குறை கூறுவான். கிடைத்துவிட்டாலோ, பட்டறையிலே முதல் நாளிலிருந்தே 'அவருடைய ஆள்' என்று பெயர் பெறுவான். எண்ணெய்க் கறை கழுவினாற் போகும், அந்தப் பெயர் போகாது.

இறுதியாகச் சங்கத்தின் பெரியோர்களிடம் ஒன்று கேட்கின்றோம், வயதில் இளையோர் கேட்கின்றார்கள் என்று பொறுத்தருள்க. ஆண்டுதோறும் விழாவில் பல்கலைக்கழகம் புகுந்தோரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றீர்கள். எமக்கும் போர்த்தினீர்கள், நன்றி. அதே ஆண்டிலே நான்காம் படிச் சான்றிதழ் பெற்ற மின் இணைப்பாளரும் ஒட்டுத் தொழிலாளரும் இதே மண்டபத்தின் பின்வரிசையிலே நின்று கைதட்டினார்கள். அன்று மேடையில் ஒளிவீசிய விளக்குகளைப் பூட்டியவரும் அவர்களுள் ஒருவரே. வருகின்ற விழாவில் அவர்களும் அழைக்கப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானத்தைச் செயற்குழுவில் கொண்டுவர எண்ணியுள்ளோம். அதை ஆமோதிக்கப் பெரியோர் ஒருவர் வேண்டும். கூட்டம் கலையுமுன் எவரேனும் எம்மிடம் பெயர் தந்தால் மகிழ்வோம்.

வருகின்ற சனிக்கிழமை மாலைப் பூசையின் பின்னர் இம்மண்டபத்தில் ஒத்திகை நேர்முகப் பரீட்சை நடத்த ஒழுங்கு செய்துள்ளோம். மேசைக்கு அப்பால் இருப்பதற்கு நமது ஊரிலுள்ள மோட்டார் தொழிலாளி ஒருவரும், ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் போதனாசிரியர் ஒருவரும் இசைந்துள்ளனர். அழைப்புக் கடிதம் வந்தோர், வரவிருப்போர் யாவரும் வருக. பத்திரங்களை ஒரு கோவையில் இட்டுக் கொண்டு வருக. வேணியர் இடுக்கி ஒன்றும் நுண்மானி ஒன்றும் இரவலாகக் கிடைத்துள்ளன, ஆளுக்கு ஐந்து நிமிடம் கையில் தரலாம். வீட்டில் பழுதாய்க் கிடக்கும் நீரிறைக்கும் இயந்திரம் எவரிடமேனும் இருந்தால், அதையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும்படி வேண்டுகின்றோம்.